மருதோன்றிக் கையும் ஓவியப் பாடவேளையும்



பெருநாள் பிறை கண்ட இரவைச் சற்று நினைவுக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் தெருவிலும் ஒரு பெண்பிள்ளை இருப்பாள். எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிப்பவள். மருதோன்றிக் கூம்பைக் கையிலெடுத்து அவள் உட்கார்ந்துவிட்டால், இஷாத் தொழுகை முடிந்தது முதல் நள்ளிரவு கடந்தும் அண்டை அயலாரின் கைகள் அவள்முன் வரிசையாக நீண்டுகொண்டே இருக்கும். அளவுகோல் கிடையாது. பென்சிலால் முன்கோடு போட்டுக்கொள்வதும் கிடையாது. பிழையானால் அழித்துத் திருத்தவும் வழியில்லை. மணிக்கட்டில் புறப்படும் கொடி சுட்டுவிரல் நுனியில் போய் முடிகிறது. உள்ளங்கை நடுவே ஒரு வட்டம், அதனுள் எட்டு இதழ், சுற்றிலும் மாங்காய், இடைவெளியில் வலைப்பின்னல். “மாஷா அல்லாஹ், அச்சடித்தது போலிருக்கிறதே!” என்று பெரியவர்கள் மெச்சுகிறார்கள்.

அதே பிள்ளை அடுத்த வாரம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதே கொடியை வரைந்து வைத்தால் என்ன சொல்கிறோம்? “படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?” என்கிறோம். அத்தாவின் கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் கிழிபடுவதும் உண்டு. கையில் போட்டால் பாராட்டு, காகிதத்தில் போட்டால் கண்டிப்பு!

இந்த முரண்பாட்டைக் குறித்தே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்து இல்லங்களைச் சிறப்பாக மனத்திற்கொண்டு பேசுகிறேன். ஏனெனில், வரைந்த கோட்டால் சோறு உண்ணும் ஊர் ஒன்று தமிழகத்தில் உண்டென்றால் அது திருப்பூர்தான்.

பனியன் நகரின் தொடக்கத்தில் நம்மவர் ஒருவரின் பெயர் இருப்பதைப் பலரும் அறிந்திருப்பீர்கள். 1925-ஆம் ஆண்டு குலாம் காதர் சாகிபு தொடங்கிய ‘பேபி நிட்டிங்’ நிறுவனத்தையே திருப்பூரின் முதல் பின்னலாடைத் தொழிற்சாலையாகக் குறிப்பிடுவர். அன்று நெய்தது வெறும் வெள்ளை உள்பனியன். 1978-இல் இத்தாலி நாட்டு வணிகர் வந்து வாங்கத் தொடங்கிய பிறகுதான் ஏற்றுமதியின் வாசல் அகலத் திறந்தது. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவாயிற்று. 2024-25-ஆம் ஆண்டின் ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் என்று சொல்லப்படுகிறது. வெள்ளைப் பனியன் வண்ணச் சட்டையாக மாறியபோது அதன் மார்பில் ஒரு படம் ஏறியது. குழந்தையின் இரவு உடுப்பில் பூவும் நட்சத்திரமும் ஏறின. அந்தப் பூவை யாரோ ஒருவர் வரைந்தாக வேண்டும் அல்லவா?

வரைந்த பூ துணியில் ஏறும் விதத்தைக் கேளுங்கள். பூவில் ஆறு வண்ணம் இருந்தால் ஆறு வலைச் சட்டங்கள் தேவை. முதலில் படத்தை ஆறாகப் பிரிக்க வேண்டும்: சிவப்பு இருக்குமிடம் மட்டும் ஒரு ஃபிலிமில், இலைப் பச்சை மட்டும் இன்னொன்றில், கருங்கோடு மட்டும் வேறொன்றில். ஒளிபட்டால் இறுகும் பசை பூசிய வலையின்மீது அந்த ஃபிலிமை வைத்து ஒளி காட்டிக் கழுவினால், கோடு இருந்த இடம் மட்டும் திறந்து நிற்கும். அதன் வழியே சாயம் இறங்கும். துணி கறுப்பென்றால் அடியில் வெள்ளை ஒரு பூச்சு முன்னதாகப் போயாக வேண்டும். இல்லையேல் சிவப்பு சிவப்பாகத் தோன்றாது. ஆறு சட்டமும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். பிரிண்டிங் பட்டறையில் நீண்ட மேசையோரம் வேலை பார்க்கும் தம்பிமாரைக் கேட்டால் இதைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். ஆனால் படத்தை ஆறாகப் பிரித்துப் பார்க்கும் கண் மேசையருகில் திடீரென வந்துவிடுவதில்லை. பள்ளியில் ஒரு பானையை முன்னால் வைத்து, ஒளி விழும் பக்கம் எது, நிழல் விழும் பக்கம் எது என்று பார்த்துப் பார்த்து வரைந்த பிள்ளைக்கு அந்தக் கண் பாதி திறந்திருக்கும்.

துணி முழுவதும் படரும் வடிவத்துக்கு இன்னொரு கணக்கு. அதற்குச் சுழலும் உருளை வலை. வழக்கமான உருளையின் சுற்றளவு 64 சென்டிமீட்டர். உருளை ஒரு சுற்று முடித்து மறுசுற்றுத் தொடங்கும்போது கோடு கோட்டோடு சேர வேண்டும். ஆகவே வடிவத்தின் நீளம் 64, 32, 16, 8 என்று மிச்சமின்றி அடங்குவதாக இருக்க வேண்டும். 15 சென்டிமீட்டரில் ஓர் அழகான கொடியை வரைந்து கொடுத்தால் நான்கு முறை போக 4 சென்டிமீட்டர் வெற்றிடம் நிற்கும். அந்தத் துணியை எவரும் வாங்கார். இதைத் தொழிலில் ‘ரிப்பீட்’ என்கிறார்கள். ஓவியமும் கணக்கும் ஒரே நாற்காலியில் அமரும் இடம் இது.

நான் படித்த பள்ளியில் அவை இரண்டும் ஒரே நாற்காலியில் அமர்ந்தது வேறு விதமாக! வாரத்தில் ஒரு பாடவேளை ஓவியத்துக்கென்று அட்டவணையில் எழுதியிருக்கும். அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் வந்து அதைக் கடனாக வாங்கிக்கொள்வார். வாங்கிய கடனைத் திருப்பித் தந்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் ஓவிய ஆசிரியரும் ஒன்றும் சொல்லாமல் சாக்பீஸ் பெட்டியுடன் வெளியேறிவிடுவார். உங்களிலும் பலருக்கு இத்தகைய நினைவு இருக்கக்கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் கலைக்கல்விக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்கிறது. உடற்கல்விக்கும் கைத்தொழிலுக்கும் அவ்வாறே. அதனையொட்டித் தமிழக அரசு 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. ஓவியம், தையல், இசை, உடற்கல்வி, கணினி எனப் பல பாடங்களுக்குமாகச் சேர்த்த எண்ணிக்கை அது. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. தொடக்கத்தில் மாதச் சம்பளம் 5,000 ரூபாய். 2021-இல் 10,000 ரூபாய். அதன் பின்னர் 12,500 ரூபாய் ஆயிற்று. பனியன் கம்பெனியில் நல்ல டெய்லர் ஒருவர் இதைவிடக் கூடுதலாகவே ஈட்டுவார். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுதோறும் வீதிக்கு வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். இந்த நிலையிலும், சொந்தக் காசில் வண்ணம் வாங்கி வந்து பிள்ளைகளுக்குப் பழக்கிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

அவர்கள் உழைப்பு வெளிச்சத்துக்கு வர ஒரு மேடை கிடைத்தது 2022-இல். அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்போருக்காகப் பள்ளிக் கல்வித் துறை ‘கலைத் திருவிழா’வை அந்த 2022-23 கல்வியாண்டில் தொடங்கியது. முதலில் பள்ளிக்குள் போட்டி, பிறகு வட்டாரம், பிறகு மாவட்டம், முடிவில் மாநிலம். பாட்டும் நடனமும் நாடகமும் போக, ஓவியமும் களிமண் சிற்பமும் அதில் இடம்பெற்றன. மாநில அளவில் வென்றோருக்குக் ‘கலையரசன்’, ‘கலையரசி’ என்று விருது. நடுவண் அரசின் ‘கலா உத்சவ்’ 2015 முதல் ஒன்பதாம் வகுப்பு தொடங்கிப் பன்னிரண்டு வரையுள்ளோருக்கு நடந்து வருகிறது. அதில் தாளில் வரைவதற்கும், களிமண் போன்றவற்றால் உருவம் செய்வதற்கும் தனித்தனிப் பரிசு.

திருப்பூரில் ஜெய்வாபாய் மாநகராட்சி மகளிர் மேல்நிலைப் பள்ளியைப் போல ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகள் ஒரே வளாகத்தில் படிக்கும் அரசுப் பள்ளிகள் உண்டு. அப்பிள்ளைகளில் பெரும்பாலோர் பனியன் தொழிலை நம்பிய குடும்பத்தினர். அம்மா செக்கிங், அத்தா கட்டிங், அண்ணன் அயர்ன். வீட்டில் கழிவுத் துணித் துண்டுகள் கிடக்கும். எந்த வண்ணம் எதனோடு சேரும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒருவர் வகுப்பெடுக்க வேண்டியதில்லை; பிறந்தது முதல் பார்த்து வளர்கிறார்கள். அத்தகைய பிள்ளை வட்டார அளவில் பரிசு பெற்றுச் சான்றிதழோடு வீட்டுக்கு வரும்போது, “சரி, அலமாரியில் வை” என்று முடித்துவிடுகிறோம். கணக்கில் நூறு வாங்கினால் தெருவெல்லாம் மிட்டாய் கொடுப்பவர்களும் நாம்தான்.

இனி, நம் இல்லங்களுக்கே உரிய தயக்கத்துக்கு வருகிறேன். சுற்றி வளைக்க விரும்பவில்லை. “படம் வரைவது மார்க்கத்தில் கூடுமா?” என்ற கேள்வி பல தாய்மார்களின் மனத்தில் இருக்கிறது. இது நியாயமான கேள்வி. உயிருள்ளவற்றின் உருவம் குறித்துக் கடுமையாக எச்சரிக்கும் நபிமொழிகள் உள்ளன. அவற்றின் வரம்பு எதுவரை என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடும் உள்ளது. தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்லன். எனினும் ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டலாம். அது இடம்பெறுவது வணிகம் பற்றிய பாகத்தில் என்பதே நமக்குப் பாடம்.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் ஒருவர் வருகிறார். தாம் கைத்தொழிலால் பிழைப்பவர் என்றும், படங்கள் செய்வதே தம் தொழில் என்றும் முறையிடுகிறார். உயிருள்ளவற்றை உருவாக்குவோர் பற்றி நபி (ஸல்) அவர்களிடமிருந்து தாம் செவியுற்ற எச்சரிக்கையை அவர்கள் எடுத்துரைக்கிறார்கள். கேட்டவருக்கு மூச்சு முட்டி முகம் வெளிறிப் போகிறது. அந்நிலையில் அவரை விரட்டிவிடவில்லை. செய்துதான் ஆகவேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளலாம் என்று வழிகாட்டுகிறார்கள். பிழைப்பு முடங்கிவிடுமோ என்று வெளிறிய முகத்துக்கு ஒரு வாசல் திறந்து விடப்பட்டது.

அந்த வாசல் வழியே உள்ளே சென்றவர்கள் கட்டியெழுப்பியதைப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் அமைச்சராக இருந்த இப்னு முக்லா, எழுத்துக்கு இலக்கணம் வகுத்தார். எழுதுகோலின் நுனி இடும் சாய்சதுரப் புள்ளியே அளவு. அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி, பிற எழுத்துகளின் வளைவு அந்த அலிஃபைக் கொண்டு அளந்த வட்டத்தில் என்று விதித்தார். (அரசியல் சூழ்ச்சியில் அவருடைய வலக்கை துண்டிக்கப்பட்டது என்பது வரலாற்றின் கொடுமை. 940-இல் சிறையிலேயே இறந்தார்.) ஸ்பெயின் நாட்டின் கிரனடாவில் அல்ஹம்ரா அரண்மனைச் சுவர்களில் ஓடுகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு முடிவின்றிப் படர்கின்றன. நெதர்லாந்து ஓவியர் எஷர் 1922-இலும் 1936-இலும் அங்கே சென்று அவற்றைப் பார்த்துப் படியெடுத்தார். அவர் பின்னாளில் புகழ்பெற்றது அங்கு கற்ற கலையினால்தான். ஒரு வடிவத்தைத் தளமெங்கும் திரும்பத் திரும்ப நிரப்புவதற்குப் பதினேழே முறைகள் உள்ளன என்று ருசிய அறிஞர் ஃபெதரோவ் 1891-இல் கணித வழியில் நிறுவினார். அல்ஹம்ராவின் கைவினைஞர்கள் அம்முறைகளில் பலவற்றை அதற்கு ஐந்து நூற்றாண்டுகள் முன்பே கவராயத்தாலும் அளவுகோலாலும் சாதித்திருந்தனர்.

அவ்வளவு தூரம் போவானேன்? கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய பள்ளிவாசல்களின் கல்தூண்களைப் பார்த்திருப்பீர்கள். தமிழகத்துச் சிற்பிகளின் உளிதான். ஆனால் யாளியும் இல்லை, பாவையும் இல்லை. பூவும் கொடியும் கோணங்களும் மட்டுமே. உங்கள் பெண்ணின் கையில் பெருநாள் இரவில் படரும் மாங்காய் வடிவமும் பாரசீகத்திலும் காஷ்மீர்ச் சால்வையிலும் வாழ்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத் தறிகளில் ஏறி, அந்நகரின் பெயரையே தன் பெயராகப் பெற்றது. இன்று திருப்பூர் உருளை வலையில் அது சுழன்றுகொண்டிருக்கிறது. அதைக் கையில் வரையத் தெரிந்த பிள்ளை, காகிதத்தில் வரையக் கூடாதா?

பள்ளி ஓவியம் என்றால் மனித உருவம் மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். நம் பிள்ளைக்கு ஒன்று பிடிக்கவில்லை, வீட்டாருக்கு உடன்பாடில்லை என்றால், ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லி வடிவமைப்பு, நிலக்காட்சி, பொருள் ஓவியம் ஆகியவற்றில் பழக்கச் சொல்லலாம். அதைக் கேட்டுக் கோபிக்கும் ஓவிய ஆசிரியர் அரிது. ஓவியத்தில் ஒரு பெற்றோர் அக்கறை காட்டுகிறாரே என்று மகிழ்பவர்களே மிகுதி.

“இதனால் என்ன பயன்?” என்பது அத்தாமார்களின் கேள்வி. இதற்கும் மழுப்பாமல் விடை சொல்வது முறை. அரசுத் தேர்வுகள் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்கு இரண்டு நிலைகள் உண்டு. மக்கள் வழக்கில் ‘லோயர்’, ‘ஹையர்’. இரண்டையும் தேறி, தொழிலாசிரியர் சான்றிதழும் பெற்றால் ஓவிய ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும் தகுதி வரும். தகுதி வரும் என்றேன். வேலை வரும் என்று சொல்லவில்லை. பணியிடங்கள் அரிதாகவே அறிவிக்கப்படுகின்றன, காத்திருப்போர் ஏராளம். சான்றிதழை மட்டும் நம்பிப் பிள்ளையை இறக்கிவிடுவது சரியன்று.

வேறு வழிகள் அகலமானவை. ஏற்றுமதியாளர்கள் முயற்சியில் திருப்பூரையடுத்த முதலிபாளையத்தில் ‘நிஃப்ட்-டீ’ பின்னலாடை வடிவமைப்புக் கல்லூரி 1997-இல் தொடங்கப்பட்டது. சென்னையில் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தின் கிளை 1995 முதல் உள்ளது. அதன் வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கான நுழைவுத் தேர்வில் வரைதிறனைச் சோதிக்கும் தாள் ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு பயிற்சி நிலையத்துக்கு ஓடிப் பணம் கட்டுவதைவிட, எட்டாம் வகுப்பில் ஓவியப் பாடவேளையைக் காப்பாற்றிக் கொடுப்பது மலிவு. சென்னை எழும்பூரை அடுத்துள்ள அரசு கவின்கலைக் கல்லூரியும் இருக்கிறது. 1850-இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் அதனைத் தொடங்கியபோது, சுவரில் மாட்டும் ஓவியத்துக்காக மட்டும் தொடங்கவில்லை. மண்பாண்டம், செதுக்கு வேலை முதலிய கைத்தொழில்களை மேம்படுத்துவதும் அவர் நோக்கம். அங்கே பயின்ற ஜே. சுல்தான் அலி (1920–1990) இந்திய ஓவிய உலகில் அழியாத பெயர் பெற்றார்; சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்தவர்.

கல்லூரிக்குப் போக இயலாத பிள்ளைக்கு? இங்குதான் என் கவலை முழுவதும் இருக்கிறது. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட மகனைக் கம்பெனிக்கு அழைத்துச் சென்று ஹெல்பராகச் சேர்க்கிறோம். ஷிஃப்டுக்கு இவ்வளவு என்று கூலி. ஐந்தாண்டு கழித்தும் அதே மேசை. அந்த மகனுக்குப் பள்ளியில் கோடு பழகியிருந்தால், கட்டிங் மாஸ்டரின் பேட்டர்ன் அட்டையைப் பார்த்தவுடன் அது என்னவென்று புரியும். எம்பிராய்டரிக்குக் கணினியில் தையல் வழியமைக்கும் வேலையோ, பிரிண்டிங்குக்கு வண்ணம் பிரிக்கும் வேலையோ அவன் கைக்கு எட்டும். மகளுக்கு இது இன்னும் முக்கியம். வீட்டைவிட்டு இரவு ஷிஃப்டுக்கு அனுப்பத் தயங்கும் நாம், வீட்டிலேயே ஒரு கணினியை வைத்துச் செய்யத்தக்க தொழில் ஒன்று இருப்பதை ஏன் எண்ணிப் பார்ப்பதில்லை? கணினியே இப்போது படம் வரைந்து தள்ளுகிறதே என்பீர்கள். உண்மைதான்; எளிய வேலைகள் சில அதனால் குறையும். ஆனால் கணினி தந்த கொடி 64 சென்டிமீட்டரில் சேருகிறதா, ஆறு வண்ணத்தில் அடங்குகிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணை எந்தக் கடையிலும் விற்பதாகத் தெரியவில்லை.

ஆகவே அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குச் செல்லும்போது, “மதிப்பெண் எவ்வளவு?” என்று கேட்ட கையோடு, “ஓவியப் பாடவேளை எந்தக் கிழமை? அது நடக்கிறதா?” என்று ஒரு வார்த்தை கேட்டு வாருங்கள். கலைத் திருவிழாவுக்குப் பள்ளி அளவில் பெயர் கொடுக்கும் நாள் எது என்றும் கேளுங்கள். பல பிள்ளைகள் திறமைக் குறைவால் அல்ல, பெயர் கொடுக்கத் தவறியே வாய்ப்பை இழக்கிறார்கள். தொழில்நுட்பத் தேர்வுக்கான அறிவிப்பைத் தலைமையாசிரியரிடமோ அரசுத் தேர்வுகள் துறையிலோ விசாரிக்கலாம்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு பயிற்சியும் சொல்லி விடுகிறேன். மருதோன்றி இடும் அந்தப் பெண்பிள்ளையிடம் 16 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிய ஒரு தாளைக் கொடுங்கள். ஓரங்களைத் தொடாமல் நடுவில் மட்டும் தன் கொடியை வரையட்டும். வரைந்த தாளை நெடுக்கும் குறுக்குமாக நான்கு சம சதுரமாக வெட்டுங்கள். வெளி மூலைகள் நான்கும் நடுவில் வந்து கூடும்படி துண்டுகளை இடம் மாற்றிப் பின்பக்கம் ஒட்டுங்கள். இப்போது நடுவில் வெற்றிடம் இருக்கும். அதையும் கொடியால் நிரப்பச் சொல்லுங்கள். பிறகு தெருமுனைக் கடையில் நான்கு ஜெராக்ஸ் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குங்கள். வலப்பக்கம் வெளியேறும் கொடி அடுத்த தாளின் இடப்பக்கத்தில் முறியாமல் நுழைந்தால், அது உருளை வலைக்கு ஏற்ற ரிப்பீட். எங்காவது கோடு முறிந்தால் நீங்கள் சொல்ல வேண்டாம். அவளே பார்த்து, ரப்பரைத் தேடி எழுந்து போவாள்.